பிரீவீல் இல்லாத சைக்கிள்

சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்தில் கஜந்தினியைத் தேடி வருகிறவர்கள் ரிஷிகேசனின் வீடு எது என்றுதான் கேட்பார்கள். ரிஷிகேசன் அவளுடைய தம்பி. வீடு அவளுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். ஆண்பிள்ளை கட்டுகிறவளின் வீட்டுக்குப் போய்விடுவான். கஜந்தினியின் கல்யாணத்துக்கென்று அம்மா கட்டிய வீடு அது. வீடு எழும்பிவிட்டது, கல்யாணம்தான் வந்து சேரவில்லை. பேசி வந்த இடங்கள் ஏதேதோ சாட்டுச் சொல்லி நழுவின. பிறகு அம்மா படுக்கையில் விழுந்தாள். அம்மா போன பிறகு பேச்சை எடுக்கவும் ஆளில்லை. முப்பத்தொன்பது வயதில் கஜந்தினியும் அந்தக் கதையை விட்டுவிட்டாள்.

தம்பி லோஜனாவைக் கட்டியபோது லோஜனாவுக்கென்று தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நின்றிருந்தது. அவளுடைய தகப்பனுக்கு மூன்று பெண்கள். மனுசன் எத்தனை வீடுதான் கட்டுவார்? "வீடு முடியுமட்டும் இஞ்ச வந்து இருங்க" என்று கஜந்தினிதான் கூப்பிட்டாள். வந்தார்கள். அத்திவாரத்தில் எருக்கலை முளைத்தது, அயலாரின் ஆடுகள் படுத்து எழும்பின. இதற்கிடையில் இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூத்தவள் வேணுஜா பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். கஜந்தினி பெரிய அறையை அவர்களுக்கு விட்டுவிட்டுக் குசினியை ஒட்டிய சின்ன அறைக்கு மாறினாள். அவளை மாறச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் மாறினாள்.

அந்த வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவள் வேலை செய்தது உட்துறைமுகக் கரையில் உள்ள கடலுணவுக் கம்பனி ஒன்றில், நண்டு தரம் பிரிக்கிற மேசையில். கம்பனி வருடப் பிறப்புக்கு ஒரு ஃபான் கொடுத்தது. அது பெரிய அறைக்குப் போனது. மழைக்கோட்டுக் கொடுத்தது, வேணுஜா அதை முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ரைஸ் குக்கர், குடை, போன் சார்ஜர், சுவரில் மாட்டுகிற கண்ணாடி, எல்லாமே அந்த வழியில்தான் போயின. தம்பி வருவான், கட்டிலில் கிடப்பதை எடுப்பான், போவான். சில நேரம் அவளுக்கு எரிச்சல் வரும். மழையில் நனைந்துகொண்டு வேலைக்குப் போகிற நாளில் நன்றாகவே வரும். ஆனால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரிஷிகேசனுக்கும் மனதில் ஒரு புண் இருந்தது. கரையில் வலை இழுக்கும்போது யாராவது, "உனக்கென்னடா, அக்காட வீட்டில ராசா மாதிரி இருக்கிறாய்" என்று பகிடி விடுவார்கள். அவன் சிரித்துச் சமாளிப்பான். அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் அதிகம் கதைக்க மாட்டான். கஜந்தினிக்கு அந்தப் பகிடி தெரியாது. தெரிந்திருந்தால் பின்னால் அந்த ஒரு வார்த்தையை விட்டிருக்க மாட்டாள்.

பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில், வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய கம்பனி வான் நின்றது. தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் வான் வரவில்லை. காசை மிச்சம் பிடித்து ருசி கண்ட கம்பனி திரும்ப ஏன் விடப்போகிறது? பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இடிபட்டுப் பிந்தி வருகிறவர்கள் கூடியபோது, நிர்வாகம் ஒரு துவிச்சக்கர வண்டித் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாதிக் காசு கம்பனி போடும், மீதி சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். கிண்ணியாவிலிருந்து அபூதாஹிர் நானா லொறியில் சைக்கிள் கொண்டுவருவார், பிடித்ததை எடுக்கலாம். அவர் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பாவித்த சைக்கிள்களை வாங்கித் திருத்தி விற்கிறவர்.

லொறி வருகிற அன்று காலையில் ரிஷிகேசன் கடலால் வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே சொன்னான்.

"அக்கா, கரியர் உள்ளதாப் பாருங்க. மீன் பெட்டி கட்டவேணும். பாரும் இருந்தா நல்லம், சின்னவன முன்னுக்கு வைக்கலாம்."

"ஓம்" என்றாள்.

"சீற்ற ஏத்தி இறக்கேலுமா எண்டும் பாருங்க. எனக்குக் கால் இடிக்கக் கூடாது."

அதற்கும் ஓம் என்றாள். அவள் எப்படி வேலைக்குப் போவாள் என்று அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கம்பனி முற்றத்தில் ஐஸ் பெட்டிகளை ஒதுக்கிவிட்டுச் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நண்டு மேசைப் பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அங்கே நடந்த கூத்தைப் பார்க்கவேண்டும். எல்லாரும் பெண்கள், ஆனால் ஒருத்தியாவது தன் காலை அளந்து பார்க்கவில்லை. உம்மு குல்சும் சீற்றைத் தன் நெஞ்சு மட்டத்துக்கு உயர்த்திவிட்டு, "எங்கட வீட்டுக்காரருக்கு இது சரியா வரும்" என்றாள். இன்னொருத்தி மகனின் படத்தைப் போனில் காட்டி, "இந்த உயரத்துக்கு எது?" என்று கேட்டாள். முன்கூடை வைத்த நீலப் பெண்கள் சைக்கிள்கள் அழகாக நின்றன. அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, பார் வைத்த கறுப்புச் சைக்கிள்களுக்குத்தான் அடிபட்டார்கள்.

"கஜந்தி, உங்கட தம்பி நல்ல உயரமெல்லா? இந்தக் கறுப்ப எடுங்க, போனாக் கிடைக்காது" என்று மேசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஜுமானா ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

கஜந்தினி அதன் ஹாண்டிலில் கை வைத்தாள். கரியர் இருந்தது. பார் இருந்தது. சொன்னதெல்லாம் இருந்தது. ஆனாலும் அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்த நேரத்தில்தான் அபூதாஹிர் நானா விழுந்தார். லொறிக்கு வழி விடுவதற்காகக் கத்தரிப்பூ நிறச் சைக்கிள் ஒன்றில் ஏறி முற்றத்தின் மறுபக்கம் போனவர், பாதி தூரத்தில் மிதிப்பதை நிறுத்தினார். பெடல் நிற்கவில்லை. அது அவருடைய காலைத் தூக்கி எறிந்தது. மனுசன் சாரத்தோடு ஐஸ் பெட்டிகளுக்கு மேலே போய் விழுந்தார். முற்றமே சிரித்தது. எழும்பித் தூசு தட்டிய அவரும் சிரித்தார்.

"இது சைக்கிள் இல்ல புள்ள, பேய். ஜப்பான்ல ரேஸ் ஓடுறவனுகள்ட சாமான். கொள்கலனுக்குள்ள தெரியாம வந்துட்டு."

"ஏன் நானா எறியுது?" என்று கஜந்தினி கேட்டாள்.

அவர் பின்சில்லைத் தூக்கிக் காட்டினார். மற்றச் சைக்கிள்களில் பிரீவீல் இருக்கும். காலை நிறுத்தினாலும் சில்லு தன்பாட்டில் ஓடும், கிர்கிர் என்று சத்தம் வரும். இதில் அது இல்லை. சில்லு சுற்றுமட்டும் பெடலும் சுற்றும், பெடல் சுற்றுமட்டும் கால் சுற்றவேண்டும். நிறுத்துவதென்றால் காலைப் பின்பக்கம் ஊன்றி மெல்ல மெல்ல அடக்கவேண்டும். முன்னுக்கு ஒரு பிரேக் இருந்தது. கரியர் இல்லை, மட்காட் இல்லை, கூடை இல்லை, ஸ்ராண்ட் கூட இல்லை.

"பழகாதவன் ஏறினா விழுவான். நானே விழுந்துட்டேன், பாக்கல்லயா?"

"அப்ப வேற ஒருத்தரும் இத ஓடேலாது?"

"ஓடேலா."

கஜந்தினி கறுப்புச் சைக்கிளின் ஹாண்டிலை விட்டாள்.

"நானா, எனக்கு இது வேணும்."

ஜுமானா கறுப்புச் சைக்கிளைப் பிடித்தபடியே வாயைத் திறந்துகொண்டு நின்றாள். நானா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விருப்பமெண்டாப் பிரீவீல் ஒண்டு மாட்டித் தாறேன். அரை மணித்தியால வேலை" என்றார்.

"வேணாம். இப்பிடியே தாங்க."

அவள் முதலில் சுவரைப் பிடித்து ஏறினாள். பள்ளிக்கூடக் காலத்தில் ஓடின கால்கள், சைக்கிளுக்குப் புதிதில்லை. ஆனால் பழைய பழக்கத்தில் ஓய்வெடுக்கப் பார்த்த காலை அது விடவில்லை. முற்றத்தில் ஒருமுறை, பின்பக்க லொறிப் பாதையில் இன்னொருமுறை விழுந்தாள். பகல் இடைவேளைகளில் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு அங்கே பழகினாள். நண்டுக் காலில் போடுகிற தடித்த ரப்பர் வளையத்தைப் பஞ்சாபிக் காற்சட்டையின் அடியில் போட்டாள், சங்கிலி துணியைக் கடிக்கவில்லை. கொஞ்ச நாளில் கால் படிந்தது. பிறகு வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

ரிஷிகேசன் வாசலில் நின்று சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கரியர் எங்க?"

"இதுக்கு இல்ல."

"மறந்துபோனீங்களோ?" என்று கேட்டுக்கொண்டே ஏறினான். படலையைத் தாண்டவில்லை, மணலில் விழுந்தான். உள்ளங்கை உரஞ்சிப்போனது. பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இரண்டாம் முறை விழுந்தபோது சிரிக்கவில்லை.

"என்ன சாமான் இது? பரவாயில்ல, பிரீவீல் ஒண்டு போட்டு, கரியரும் பூட்டினா எல்லாரும் ஓடலாம். நாளைக்கு நான் கொண்டுபோறன்."

"வேணாம் தம்பி."

"ஏன்?"

லோஜனா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "மச்சாள், ஒரு பிள்ளையக்கூட ஏத்தேலாம இத வச்சு என்ன செய்யிறது?" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, விளங்காமல்தான் கேட்டாள்.

அப்போதுதான் கஜந்தினி சொன்னாள்.

"இது எனக்கு. என்ட பேரில எடுத்தது. என்ட சாமான் என்னோட இருக்கட்டும்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு சந்தோசம் வந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அதனால் தம்பியின் முகத்தைக் காணவில்லை. அவனுடைய காதில் விழுந்தது சைக்கிளைப் பற்றிய பேச்சு இல்லை. என்ட பேரில, என்ட சாமான் என்று அக்கா நடுமுற்றத்தில் நின்று சொன்னால், அவள் பேரில் இருப்பது வேறு என்ன? சுவரும் கூரையும் கிணறும் அவள் பேரில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கஜந்தினிக்கு நன்றாகத்தான் போயின. காலையில் உப்புவெளி வழியாக ரவுணுக்குள் வருவாள். கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும். மிதிப்பதை விட்டால் எறிந்துவிடும், ஆகவே விடாமல் மிதித்தாள். சத்தமே இல்லாத சைக்கிள். அந்தப் பட்டணத்தில் மாடுகளைப் போல நடுவீதியில் படுத்திருக்கும் மான்கள் அவள் பக்கத்தில் வருமட்டும் தலை தூக்காது. உட்துறைமுகத்து வளைவில் தண்ணீர் தெரியும்போது, அவளுடைய வயதையும் தனிமையையும் அறியாத ஒரு ஆள் போல அவள் ஓடினாள். யாரிடமாவது இதைச் சொல்லவேண்டும் என்று தோன்றும். ஜுமானாவிடம் சொல்லலாம். ஆனால் ஜுமானாவின் சைக்கிளைப் புருசன் கொண்டுபோய்விட்டார், அவள் இன்னும் பஸ்ஸில்தான் வந்தாள்.

முதலில் திரும்பி வந்தது மழைக்கோட்டு. மாரி தொடங்கிய அன்று கட்டிலில் துவைத்து மடித்துக் கிடந்தது.

"பிள்ளை கேக்காம எடுத்துப்போட்டுது மச்சாள். ஏசிப்போட்டன்" என்றாள் லோஜனா. "உங்கட சாமான எடுக்கப்படாது எண்டு எனக்கும் இவ்வளவு நாளும் ரோசனை இல்லாமப் போச்சு."

"அவள் போடட்டும் லோஜனா, எனக்கென்ன?"

"இல்ல மச்சாள், அது சரியில்ல." லோஜனா நல்லவள். அவளுடைய முகத்தில் கோபம் துளிகூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. கோபம் இருந்திருந்தால் கஜந்தினி பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். வெட்கப்படுகிறவளிடம் என்ன சொல்ல?

பிறகு குடை வந்தது. சார்ஜர் வந்தது. ஃபானைத் தம்பியே தூக்கிக்கொண்டு வந்தான், இறக்கைகளைத் துடைத்திருந்தான். கண்ணாடியையும் அவனே ஆணியடித்து மாட்டிவிட்டான். சின்ன அறை நிறைந்து, நடப்பதற்கு இடம் இல்லாமல் போனது. அவளை விட்டு ஒவ்வொன்றாகப் போனபோது அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோது அவளுக்குப் பயம் பிடித்தது.

தம்பி யாரிடமோ பழைய கரியர் சைக்கிள் ஒன்றை வாங்கினான். காலையில் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, அந்த ரோச் லைற்ற எடுக்கிறன்" என்கிற குரல் நின்றுபோனது. பிள்ளைகள் அவளுடைய கட்டிலில் குதிப்பதும் நின்றது. "மாமியின்ட அறைக்குள்ள போகாதீங்க" என்று லோஜனா மெல்லச் சொல்வது கேட்கும். கஜந்தினி வேலையால் வந்து சைக்கிளைச் சுவரில் சாய்ப்பாள். அவள் வந்தது உள்ளே யாருக்கும் தெரியாது. தானே தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக்கொண்டு, அவர்கள் சிரித்துக் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எருக்கலையை வெட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் லோஜனாவின் அத்திவாரம். ரிஷிகேசன் கல்லு இறக்கியிருந்தான். படகின் இரண்டாவது எஞ்சினை விற்றுவிட்டான் என்று பிறகுதான் தெரிந்தது.

கஜந்தினி அங்கே போய் நின்றாள். "என்ன தம்பி இது? ஆர் உங்களப் போகச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல அக்கா." அவன் சாந்துக் கையை வாளியில் கழுவினான். "எத்தின வருசம் உங்கட வீட்டில இருந்திட்டம். உங்கள ஒரு மூலைக்குள்ள தள்ளிப்போட்டு. நீங்க வாய் திறந்து சொல்லுமட்டும் எனக்கு உறைக்கல்ல."

"நான் எப்ப சொன்னனான்?"

அவன் சங்கடத்தோடு சிரித்தான். அப்போதுதான் அவளுக்கு முற்றத்தில் சொன்னது நினைவு வந்தது.

"தம்பி, நான் சைக்கிளத்தான் சொன்னனான்."

"சரி அக்கா."

"உண்மையா. சைக்கிளத்தான்."

"விளங்குது அக்கா" என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். அவன் நம்பவில்லை. நம்பாததோடு அவளை மன்னித்தும் விட்டிருந்தான். அதற்கு மேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

இரண்டு அறை மட்டும் எழும்பிக் கூரை ஏறியது, தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், கதிரை போட்டு இருத்தினார்கள், முதல் தம்ளரை அவள் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை ஒன்றும் குறையவில்லை. திரும்பி வந்தபோது அவளுடைய வீட்டில் எல்லா அறைகளும் கூட்டித் துடைத்துக் கிடந்தன. பெரிய அறைப் பூட்டின் திறப்புக் கோர்வை சாமிப் படத்துக்கு முன்னால் இருந்தது. அவள் பெரிய அறைக்கு மாறவில்லை. குசினிப் பக்கத்து அறையில், ஃபானுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒடுங்கிப் படுத்தாள். அன்றைக்கு நன்றாக அழுதாள்.

அபூதாஹிர் நானா பழுது பார்க்கக் கம்பனிக்கு வந்த நாளில் சைக்கிளைக் கொண்டுபோய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"நானா, பிரீவீல் போடுங்க. கரியரும் பூட்டுங்க. பிள்ளை இருக்கிறதுக்கு மெத்தை உள்ள கரியர்."

"அண்டைக்கு வேணாண்டியே புள்ள? இப்ப நல்லாப் பழகிட்டாய், பேய் மாதிரி ஓடுறாய் எண்டு எல்லாரும் சொல்றாங்க."

"போடுங்க நானா."

அவர் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒரு இடத்தில் அவள் காலை நிறுத்திப் பார்த்தாள். சைக்கிள் கிர்கிர் என்று தன்பாட்டில் ஓடியது. இனி யாரும் ஏறலாம், யாரும் விழமாட்டார்கள். அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள்.

"தம்பி, பிரீவீல் போட்டிட்டன். கரியரும் இருக்கு. மீன் பெட்டி கட்டலாம், எடுத்து ஓடு."

ரிஷிகேசன் சைக்கிளைப் பார்த்தான். சீற்றை ஒருமுறை தடவினான்.

"எனக்குத்தான் ஒண்டு இருக்கே அக்கா. இது உங்கட. நீங்க வச்சிருங்க."

"நாளைக்குப் பிள்ளைய நான் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திக்கொண்டு போறன். அதுக்காவது விடு."

"அதுக்கென்ன, தாராளமா" என்றான்.

அடுத்த நாள் காலையில் வழமையை விட நேரத்தோடு வெளிக்கிட்டாள். வேணுஜா வெள்ளைச் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக வாசலில் நின்றாள். முந்திய வருடம் இதே பிள்ளை, மாமி குனிந்து செருப்புப் போடும்போது முதுகில் தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். மூச்சு முட்டுது, இறங்கு என்று ஏசினாலும் இறங்க மாட்டாள்.

இப்போது அவள் சைக்கிளைப் பார்த்தாள், பிறகு தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, மாமியின்ட சைக்கிள்ல ஏறலாமா?"

"என்னட்ட ஏன் கேக்கிறாய்? மாமியிட்டக் கேள்" என்றாள் லோஜனா.

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, ரீச்சரிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "மாமி, ஏறலாமா?"

"ஏறு பிள்ளை. ஏறு."

ஏறினாள். ஒழுங்கையில் குழிகள் இருந்தன. கஜந்தினி மெதுவாக ஓட்டினாள். இடுப்பைச் சுற்றி வரவேண்டிய கை வரவில்லை. கொஞ்சத் தூரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு சொன்னாள்.

"மாமியப் பிடிச்சுக்கொள்ளு, விழுந்துபோவாய்."

"பரவாயில்ல மாமி. நான் சீற்றப் பிடிச்சிருக்கிறன்."

கஜந்தினி குழிகளை விலத்தி மிதித்தாள். பள்ளிக்கூட வாசல் வந்ததும் பிள்ளை கவனமாக இறங்கி, புத்தகப் பையைச் சரிசெய்துகொண்டு, "தாங்ஸ் மாமி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.